ஆமோஸ் மெட்காஃபின் பூட்டிய கேட்

எனக்கு வாய் சும்மா இருக்காது. தபால் கொடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் நின்று நாலு கதை பேசிவிட்டுத்தான் நகர்வேன். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வைத்தவர் ஆமோஸ் மெட்காஃப் ஒருத்தர்தான்.

இங்கிலாந்தில், எங்கள் யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் ஆடுமாடுகளுக்குக் கோமாரி நோய் பரவிய வசந்தம் அது. ஆமோஸின் மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம், பிள்ளைகுட்டி கிடையாது. அவருக்கென்று இருந்ததெல்லாம் குன்றில் மேயும் மந்தைதான். அவர் ஆடுகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் நோய் கண்டுவிட்டது. பக்கத்துப் பண்ணை என்றால் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கார் ஆட்கள் வந்து ஆடுகளைக் கொன்றுவிடுவார்கள். உத்தரவு வருகிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது, அவரும் வெளியே வரக் கூடாது. கேட்டுக்கு முன்னால் மருந்தில் நனைத்த வைக்கோல். தபாலை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு நான் கூப்பாடு போடுவேன்.

ஒரு சனிக்கிழமை அவரே கேட்டருகே நின்றிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நாளைக்குக் கூட்டத்துக்குப் போக முடியாது, பெரில்."

அவர் குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்கள் கூட்டத்தில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. கடவுளுக்காகக் காத்துக்கொண்டு எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லுவார்கள், அவ்வளவுதான்.

"சும்மா உட்கார்றதுக்கு எதுக்குங்க கூட்டம்? வீட்டுலயே உட்காருங்களேன்!"

"உட்கார்ந்து பாத்துட்டேன். தனியா உட்கார்ந்தா பயம்தான் பேசுது. உன்னை மாதிரி நிறுத்தவே மாட்டேங்குது."

கிண்டலைப் பார்! ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"நாளைக்கு நான் வர்றேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்றேன். போதுமா?"

கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச் பக்கம் எட்டிப் பார்க்கிறவள் நான். ஏன் சொன்னேனோ!

மடக்கு நாற்காலியோடு போனேன். அவர் அந்தப் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அப்பப்பா, அது என்ன ஒரு மணி நேரம்! மூக்கு அரித்தது, நாக்கு அதைவிட அரித்தது. குட்டிகள் ஓயாமல் கத்தின. பாதியில் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கடவுள்கிட்ட காப்பாத்துன்னு கேட்டீங்களா?" என்றேன், கிளம்பும்போது.

"கேட்டேன். அப்புறம் அதை விட்டுட்டு, நீ கூடவே இருந்தா போதும்னு சொன்னேன்."

அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். பாதையை அடைத்துவிட்டதால் நான் கீழே நின்று துப்பாக்கிச் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். குட்டிகளைக்கூட விடவில்லை, பாவிகள். நின்ற இடத்திலேயே அழுதேன், வாயில் வந்தபடி திட்டினேன்.

பாதையைத் திறந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அவர் வாளியில் உட்கார்ந்திருந்தார். குன்றில் ஒரு சத்தமில்லை. இந்த அமைதி யாருக்கய்யா வேண்டும் என்று கடவுள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போது ஆமோஸ் எழுந்து நின்றார்.

"காலையில பழக்கத்துல தீவனத்தைத் தூக்கிட்டுப் போயிட்டேன். கொட்டகை காலி. அங்கேயே தரையில உட்கார்ந்துட்டேன். அவரும் வந்து பக்கத்துல உட்கார்ந்தாரு."

அவ்வளவுதான். மறுபடி உட்கார்ந்துவிட்டார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. என் கோபம் எங்கே போயிற்றென்றும் தெரியவில்லை.

வெகு நேரம் போயிற்று. எனக்குக் கால் மரத்துவிட்டது.

"ஆமோஸ், இது முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கை குடுப்போம். அதோட முடியும்."

பண்ணையை மருந்து போட்டுக் கழுவி முடிக்கிற வரைக்கும் அவரை யாரும் தொடக் கூடாது. நான் என் கையைப் பார்த்தேன், அவர் தன் கையைப் பார்த்தார்.

"இப்ப என்ன பண்றது?"

"அப்ப இன்னும் முடியல," என்றார் ஆமோஸ். "நீ போய்ச் சமையலைப் பாரு, பெரில். கூட்டம் நடந்துக்கிட்டே இருக்கட்டும்."