மச்சானின் ஜி.பி.எஸ்

ஏழை நாட்டுக்கு விண்வெளி ஆராய்ச்சி வேண்டுமா என்று ஒரு விவாதப் போட்டி வந்தது. நல்லூரில் டியூசன் நடத்துகிற என்னிடம் மாணவி ஒருத்தி பேச்சு எழுதித் தரச் சொன்னாள். அவள் வேண்டாம் என்கிற பக்கம். வயிறு காய்கிற நாட்டுக்கு வானத்தில் என்ன வேலை என்று வெளுத்து வாங்கினேன். எழுதியதை நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

அதே வாரம் பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டை. அரை அடிதான், ஆனால் எங்கள் ஊரில் அரை அடி சின்ன விஷயமில்லை. தங்கையின் கணவர் தொண்டைமானாற்றில் மீன்பிடிக்கிறவர். தங்கை கோயிலுக்குப் போயிருந்த நேரம், மச்சானிடம் அவருடைய ஜி.பி.எஸ் கருவியை ஒரு நாளைக்கென்று இரவல் வாங்கி வந்தேன். வலை போட்ட இடத்தையும் இந்தியக் கடல் எல்லையையும் அவருக்குக் காட்டுவது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நடந்து, காணிப் பத்திரத்திலுள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பல அடி தவறக்கூடிய கருவி; அதன் கணக்கில் பக்கத்து வீட்டுக் கிணறே என் காணிக்குள் வந்துவிட்டது. பிழையென்று தெரிந்தும் மனம் குளிர்ந்தது. இன்னொரு தரம் அளக்கலாமென்று, சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை தங்கை போனில் அழுதாள். விடியமுன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லையாம், எங்கும் பனிமூட்டமாம். இந்தியக் கடலுக்குள் போய்விட்டால் பிடித்துச் சிறைக்குள் மறியலில் வைத்துவிடுவார்கள். கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். கரையில் அவளுக்குப் பக்கத்தில் பல மணி நேரம் நின்றேன். வானத்துச் செயற்கைக்கோள்களை நம்பித் தொழில் செய்கிற ஏழை நாட்டு மனிதர் ஒருவர் என் குடும்பத்திலேயே இருந்தார். அவருடைய வழியைப் பறித்து என் பையில் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

பின்னேரம் மச்சான் வந்து சேர்ந்தார். திசை தெரியாமல் மோட்டாரை நிறுத்திவிட்டு, பனி விலகும் வரை கடலிலேயே கிடந்தாராம்.

“அந்த மெசினைக் கொண்டு போகேல்லையோ?” என்று தங்கை கேட்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு, “மறந்து போனன்” என்றார்.

பிள்ளைகுட்டிக்காரனுக்கு இவ்வளவு மறதியா என்று எல்லோருக்கும் முன்னால் அவள் அவரைத் திட்டித் தீர்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வலையை இழுத்தார்.

நானும் சேர்ந்து, “ஓம் மச்சான், இனியாவது கவனமாய் இருக்க வேணும்” என்றேன்.