மூட்டைக்குள் ஒரு பழைய சேலை

சிலமலையில் பிறந்த நான், ஏலக்காய்த் தோட்டத்துக்கு முதன்முதலாக மலையேறியது ஐம்பதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் அந்தத் தோட்டத்தில் மேஸ்திரி. நான் அவருக்கு இரண்டாந்தாரம். மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள்.

போடியில் அவருடைய அக்கா வீட்டில் மூட்டை கட்டினோம். நான் வைத்த பித்தளைக் குடத்தையும் முகம் பார்க்கிற கண்ணாடியையும் அவர் எடுத்து வெளியே வைத்தார்.

"இதெல்லாம் பின்னால கழுதைப் பொதியில வரும். நம்ம முதுகுல ஏறுறது உசுரக் காப்பாத்துற சாமான் மட்டுந்தான்."

அவல், கருப்பட்டி, அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும், கயிறு, அரிவாள், கம்பளி. தீப்பெட்டியைத் தகர டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றினார். என் மூட்டையை முதுகில் கட்டிவிட்டு முற்றத்தில் நடக்கச் சொன்னார். கனமானதை மேலே, தோளை ஒட்டி மாற்றிக் கட்டினார். "கை ரெண்டும் சும்மா இருக்கணும். வழுக்குனா பிடிக்கணும்ல."

விடியக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருகிற தோட்டம். அதற்கு எதற்கு இத்தனை அவல்? கயிறு எதற்கு? போதாததற்கு, அவருடைய கம்பளிக்கு நடுவே மெழுகுத்துணியில் சுற்றி எதையோ செருகினார். அவர் அந்தப் பக்கம் போனதும் பிரித்துப் பார்த்தேன். அரக்குச் சேலை. துவைத்துத் துவைத்து நைந்தது. என்னுடையது இல்லை.

மேலே எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

குரங்கணியில் ஒரு கழுதைக்காரர் இவருடைய மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "இந்தத் தடவையாச்சும் எல்லாம் கொண்டாந்தியா, மாப்ளே?" என்றார். இவர் கண்ணைக் காட்டினார். அந்த மனுஷர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதற்கப்புறம் எனக்கு ஏற்றம் தெரியவில்லை. குடிசை தென்பட்டபோதெல்லாம் அவர் கண் எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டு நடந்தேன். எந்த வாசலிலும் அவர் நிற்கவில்லை. அதுவும் நடிப்பு என்றே பட்டது.

மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. காட்டோடைக்குப் போனபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறையை மூடிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாறைக்கடியில் ஒதுங்கினோம். எனக்குப் பல் கிட்டியது, விரல் மடங்கவில்லை. அவர் அங்கே நனையாமல் கிடந்த காய்ந்த சுள்ளிகளை வெட்டித் தீ மூட்டிவிட்டு, அந்தச் சேலையை எடுத்து நீட்டினார்.

"ஈரத்த அவுத்துட்டு இதக் கட்டு."

"யாருது இது? மேல எவளுக்குக் கொண்டு போறீக?"

அவர் ஒரு சுள்ளியைத் தீக்குள் தள்ளினார். "அவளுது. மூத்தவளுது."

பிறகு சொன்னார். "இதே ஓடைதான். வெரசாப் போயிரலாம்னு வெறுங்கையோட கூட்டியாந்தேன். தீக்குச்சிகூட இல்ல. நனைஞ்ச துணியோட நடுங்கிக்கிட்டே கெடந்தா. ஆள் வர்றதுக்குள்ள வெறைச்சுப் போயிட்டா."

"காய்ச்சல்னுல்ல சொன்னீக?"

"நெசத்தச் சொன்னா உங்க அப்பு பொண்ணு குடுப்பாரா?"

செத்தவள் சேலையைக் கட்டிக்கொண்டு தீயருகில் உட்கார்ந்தேன். குளிர் விட்டது. ஆனால், இன்னும் எதை மறைக்கிறாரோ என்ற எண்ணம் விடவில்லை. அழுகை வந்தது, அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

மழை நின்று தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் மரத்தில் கயிறு கட்டினார். அந்த முடிச்சை நானே இழுத்துப் பார்த்த பிறகுதான் ஓடையில் கால் வைத்தேன்.

தை மாதம் அப்பு தோட்டத்துக்கு வந்தார். "நெசத்த நீங்களே சொல்லுங்க, இல்லன்னா நான் அவரோட எறங்கிருவேன்" என்று இவரிடம் சொன்னேன். இவர் தலை குனிந்தபடி ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பு கேட்டுவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வர்றியா, ஆத்தா?"

"இல்லப்பு. இருக்கேன்."

பரிமாறிய சோற்றைத் தொடாமலே அவர் இறங்கிப் போனார். மறு வருஷம் என் மகன் பிறந்த பிறகுதான் எங்கள் வீட்டில் கை நனைத்தார்.