கெருபோவின் ஜன்னல்கள்

"சிவப்புச் சட்டையா? வாசல்லயே நில்லு," என்கிறார் கெருபோ, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே. எப்படித்தான் தெரிகிறதோ! வந்தவர் பெரிய மனிதராக இருந்தாலும் சரி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சாம்பல் நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டால்தான் உள்ளே நாற்காலி கிடைக்கும். சட்டையின் சிவப்பு திரையில் பட்டுவிட்டால், படத்திலிருக்கும் வெள்ளைச் சுவர் ரோஸாகத் தெரியுமாம். இல்லாத ரோஸைத் துடைக்கப் போய் நல்ல சுவரைப் பச்சையாக்கிவிடுவாராம்.

அந்த அம்மாவின் ஸ்வெட்டரும் சாம்பல், திரைச்சீலையும் சாம்பல். சுவருக்கும் அவரே அந்த நிறத்தை அடித்துவிட்டார். அதே அறையில் எதிர் மேஜையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க ஆர்டர் பிடிக்கும் நான், என் மாதிரிப் பத்திரிகைகளையெல்லாம் குப்புறத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். நைரோபியில் ரிவர் ரோட்டுப் பக்கம் மூன்றாவது மாடியில் அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடைப்பதே அபூர்வம் என்பதால் பொறுத்துப் போகிறேன்.

விற்பனைக்கு வரும் வீடுகளின் படங்களைச் சரிசெய்வது அவர் தொழில். படமெடுப்பவர்கள் வேறு ஆட்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரே அறையை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து முறை எடுத்து வரவேண்டும். கன்னங்கரேலென்று ஒன்று, வெளுத்துப்போய் ஒன்று, நடுவில் மூன்று. கறுத்த படத்தில் அறை இருண்டு கிடக்கும், ஆனால் ஜன்னலுக்கு வெளியே இருப்பது துல்லியமாகத் தெரியும். வெளுத்த படத்தில் ஜன்னல் வெறும் வெள்ளைக் காகிதம், ஆனால் சோபாவுக்கு அடியில் கிடக்கும் செருப்புகூடத் தெரியும். ஐந்தையும் சேர்த்து ஒன்றாக்குவார். எச்.டி.ஆர். என்று ஊரெல்லாம் அதற்குப் பெயர். கெருபோ அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

"கேமராவுக்கு இருக்கறது கஞ்சக் கண்ணு. வெளிச்சத்தப் பாத்தா இருட்ட விட்டுரும், இருட்டப் பாத்தா வெளிச்சத்த விட்டுரும். நாம ரெண்டையும் பாக்கறோம்ல? பாத்தத அப்படியே திருப்பிக் குடுக்கறேன், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சொட்டு குடுத்தாலும் திருட்டு!"

மற்றவர்கள் சொட்டு சொட்டாகவா கொடுக்கிறார்கள், வாளி வாளியாக அல்லவா ஊற்றுகிறார்கள். மட்டாட்டு வேனில் போகும்போது வீட்டுமனை விளம்பரப் பலகை ஏதாவது கண்ணில் பட்டால் போதும், பக்கத்து சீட்டுக்காரரை உலுக்கி எழுப்பிவிடுவார். "இது புல்லா, பற்பசையா? ஆகாசத்தப் பாருங்க, தண்ணியில பெட்ரோல் கொட்டின மாதிரி. வீட்டச் சுத்தி ஒளிவட்டம் வேற. இந்த வீடு எந்த மாதாகோயில்ல இருந்து இறங்கி வந்துச்சு?" கண்டக்டர் முதல் கடைசி வரிசை வரை வேனே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்கமாட்டார், இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவார்.

அந்தக் கோபம் எனக்கும் தொற்றிவிட்டது. இந்த ஊரில் இப்போது கட்டும் கட்டடங்களைப் பார்த்தால் யாருக்குத்தான் எரியாது? எதிர்வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்தே பார்த்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இரவு பகலாக உழைப்பவர்கள். வந்து பார்க்க லீவு கிடைக்காது, படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சாவி கையில் வந்த பிறகு ஜன்னலைத் திறந்தால் மூக்கில் சுவர் இடிக்கும். தரகனைக் கேட்டால், "படம் எடுத்தப்ப வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்பான். அவன் வாய் வேகக்கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

ஏமாந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் கெருபோவின் பெயர் கடல் தாண்டிப் போய்விட்டது. "கெருபோ செஞ்ச படமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் முன்பணம் கொடுக்கிறார்கள். அதனால்தான் தரகர்கள் அவரைத் திட்டிக்கொண்டே மாடியேறி வருகிறார்கள்.

அவர்களில் கிமேலி முக்கியமானவன். கெருபோவுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அவன் கொண்டுவருவது, அதை அவன் அடிக்கடி நினைவூட்டவும் செய்வான். போன மாதம் ஒரு வீட்டின் படங்களோடு வந்து, "ஜன்னல்ல கொஞ்சம் ஆகாசம் வச்சுக் குடுங்க மேடம்" என்றான். ஜன்னல் முழுக்க எதிர்க்கட்டடத்தின் சுவர். "ஆகாசம் வேணும்னா சுவர இடி. இடிச்சுட்டு வா, வச்சுத் தரேன்," என்று அனுப்பிவிட்டார் கெருபோ.

சென்ற வாரம் மறுபடி வந்தான், மஞ்சள் சட்டையில். தானாகவே மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். அந்தப் பணிவைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சூடான மந்தாசிப் பணியாரம் ஒரு பொட்டலம் வேறு வாங்கி வந்திருந்தான். "இது வேற வீடு மேடம். மேல் மாடி. ஜன்னலத் திறந்தா ங்கோங் மலை!"

அவன் கைபேசியில், வீடியோ அழைப்பில், ஒரு பெண் காத்திருந்தாள். பெயர் முவிகாலி, மஸ்கட்டில் நர்ஸ். கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான். வேலை முடிந்ததும் கெருபோவின் வாயாலேயே ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட வேண்டும், அவள் உடனே பணம் அனுப்பிவிடுவாள். அவ்வளவுதான் அவன் கணக்கு.

"அக்கா, நீங்க செய்யறீங்கன்னா எனக்கு வேற யோசனையே இல்ல," என்றாள் அந்தப் பெண். சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. "வீடு எங்க அம்மாவுக்கு. அவங்களால நடக்க முடியாது. நாள் பூரா ஜன்னல் பக்கம்தான் உக்காரப்போறாங்க. எதையாவது பாத்துக்கிட்டு இருக்கணும்ல?"

"இரும்மா, பாக்கறேன்," என்றார் கெருபோ. மந்தாசியைத் தொடவில்லை.

ஐந்து படங்களையும் சேர்க்கும்போது சாஃப்ட்வேர் ஒரு இடத்தில் நின்று கேட்கும்: ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஏதோ அசைந்திருக்கிறது, அழித்துவிடவா? அசைந்த இடத்தில் சிவப்புப் பூசிக் காட்டும். மரத்து இலை, மேகம், தெருவில் போன வேன் இப்படி ஏதாவது இருக்கும். எல்லோரும் பார்க்காமலே டிக் போட்டுவிடுவார்கள். கெருபோ, அசைந்தது இன்னதென்று கண்ணால் பார்த்த பிறகுதான் போடுவார். "அசையறதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?" என்பார்.

அன்றைக்கும் சிவப்பு வந்தது. கெருபோ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். சோபாவில் சிவப்பு இல்லை. ஜன்னல் கம்பியில் இல்லை, ஆகவே கேமரா ஆடவில்லை. சிவப்பு முழுக்க மலைமேல் இருந்தது.

"தம்பி, அன்னிக்கு நல்ல காத்தோ?"

"ஐயோ, பயங்கரக் காத்து மேடம்! ஏன் கேக்கறீங்க?"

"மேகம் இருந்த எடத்துலயே நிக்குதே."

"மேகம் ரொம்பத் தூரத்துல இருக்குல்ல மேடம்."

"மலை?"

"மலையும் தூரந்தான்..."

கெருபோ கன்னங்கரேலென்ற படத்தைத் திறந்து ஜன்னலைப் பெரிதாக்கினார். மலைச் சரிவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு. உச்சிக்குக் கொஞ்சம் மேலே, ஆகாயத்தில், ஒரு வளையம். வளையத்தில் கயிறு. நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். எதிர்ச்சுவர் மேல் ஃபிளெக்ஸ் பேனர்! மலையையும் மேகத்தையும் அச்சடித்துக் கட்டிவிட்டு அதைப் படமெடுத்து வந்திருக்கிறான் பாவி. கயிறு மேலே இறுக்கமாக இருந்ததால் மேகம் அப்படியே நிற்க, கீழே தொங்கிய மலை காற்றில் ஆடியிருக்கிறது. நடக்க முடியாத ஒரு தாயை நாள் பூராவும் சுவரைப் பார்க்க உட்காரவைப்பதற்கு இத்தனை மெனக்கெடலா!

கிமேலி குனிந்து, குரலை இறக்கினான். "ஒரு டிக் போட்டா மறைஞ்சிரும் மேடம். அதுக்குத்தான அது இருக்கு? நீங்க எதையும் மாத்தல, கேமரா பாத்ததத்தான குடுக்கறீங்க. யோசிங்க. இந்தப் பேட்டைல உங்களுக்கு வேலை குடுக்கறது யாரு?"

கெருபோவின் கை மவுஸ் மேலேயே இருந்தது. டிக் போடும் கட்டம் திரையில் காத்திருந்தது. அவர் ஸ்வெட்டர் கழுத்தை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அக்கா? என்னாச்சு? முடிஞ்சுதா?" என்றது கைபேசி.

"சிக்னல் சரியில்ல தங்கச்சி, நான் அப்பறம் கூப்பிடறேன்," என்று கிமேலி எட்டினான். அதற்குள் கெருபோ கைபேசியை எடுத்துவிட்டார். அதைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஜன்னல்ல மலை தெரியுதா?"

"தெரியுதுக்கா. எவ்வளவு அழகா இருக்கு!"

"கண்ண எடுக்காம பாரு."

ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையின் விரல் அடுத்த படத்துக்கு மாற்றும் பொத்தான் மேல். கன்னத்தை உப்பிக்கொண்டு, திரைக்கு முகத்தைக் கொண்டுபோய், அந்த மலையைப் பார்த்துப் பலமாக ஒரு ஊது ஊதினார். விரல் பொத்தானைத் தட்டியது.

மலை ஆடியது.