சவுரியம்மாளின் முட்டை ஓட்டுப் பை

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் வெங்கடாசலத்தின் பரோட்டாக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முட்டை உடையும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மெட்ராஸிலிருந்து திருச்சிக்குப் போகிற பஸ்ஸில் பாதி அங்கே நின்று போகும். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஆம்லெட் கேட்பார்கள். உடைத்த ஓடெல்லாம் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலிருந்த தகர டின்னில் விழும். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது சவுரியம்மாள் அந்த டின்னை எடுத்துத் தன் உரச்சாக்குப் பையில் கவிழ்த்துக்கொள்வாள். பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து, மேசை துடைத்துத் தேய்ந்த கைக்குக் கூலிக்கு மேல் கிடைத்தது அதுதான். முட்டை ஊருக்கு, ஓடு அவளுக்கு.

ஓடு எதற்கு என்று கேட்டால், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எண்பத்தாறாம் வருஷத்து ஆடி மாதம். நல்ல மழை. அவள் குடியிருந்த காலனியை ஒட்டிய சக்கரபாணியின் கொல்லையில் மல்லாட்டை விதைத்தார்கள். விதைத்த அன்றைக்கே அவருடைய ஆள் தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனான். "கோழிய எல்லாம் கூடையில கவுத்து வெச்சிடுங்க. கொல்லையில ஒண்ணு கண்ணுல பட்டாலும் மருந்து வெச்சிடுவாரு. அப்பால வந்து அழுவக் கூடாது." இது வருஷா வருஷம் நடப்பது. விதைக்கிறவனுக்குப் பயிர், காலனிக் கோழிக்குச் சிறை.

சவுரியம்மாளிடம் இருந்தவை இரண்டு கோழிகள். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல். வெளியே மேய்ந்தவரைக்கும் நத்தை, சுண்ணாம்புக் காரை என்று கண்டதைக் கொத்தித் தின்று தேக்குக்கட்டை மாதிரி ஓடு வைத்த முட்டை இட்டவை. கூடைக்குள் அடைத்து வெறும் கேப்பையைப் போட்ட நாலைந்து நாளில் தோல்முட்டை இட ஆரம்பித்தன. ஓடே இருக்காது. தொட்டால் தொளதொளவென்று கையில் வழியும். பாதி, கூடைக்குள்ளேயே கிழிந்து வைக்கோலோடு போய்விடும்.

வேறு வருஷமாக இருந்தால், போகிறது சனியன் என்று விட்டிருப்பாள். இந்த முறை மகள் பெரியநாயகி வீட்டில் இருந்தாள். வானூரில் கட்டிக் கொடுத்த பெண். முதல் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்து, பிறந்த அன்றைக்கே போய்விட்டது. இப்போது மறுபடியும் ஆறு மாதம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே. தினம் ஒரு முட்டையாவது குடுங்க. இல்லைன்னா இதுவும் கஷ்டம்மா" என்று சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். தினம் ஒரு முட்டை என்பது வாயால் சொல்ல எவ்வளவு சின்ன விஷயம்.

அன்று சாயங்காலமே சவுரியம்மாள் கடை டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னா பாக்கற? குப்பதான, எடுத்துக்கினு போ" என்றான் வெங்கடாசலம். அவனைவிடப் பத்து வயது பெரியவள் அவள். ஆனாலும் அவன் வாயில் மரியாதை வராது, அவளும் எதிர்பார்க்கமாட்டாள்.

ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சட்டியில் வறுத்து, உரலில் மாவாக இடித்து, கேப்பை மாவோடு பிசைந்து வைப்பாள். இடிக்காமல் போடக் கூடாது. முழு ஓடாகப் பார்த்துவிட்டால் கோழிக்கு முட்டை எதுவென்று தெரிந்துவிடும், பிறகு தன் முட்டையையே கொத்திக் குடிக்கும், அந்த ருசி கண்ட கோழியைத் திருத்த ஆண்டவராலும் ஆகாது என்பது காலனியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நாள் முழுக்க நின்ற கால் முழங்காலில் குத்தும். குந்தினால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்க முடியும். இருந்தும் இடித்தாள். ஒரு வாரத்தில் ஓடு கெட்டிப்பட்டது. பெரியநாயகி தினமும் காலையில் ஒரு முட்டை சாப்பிட்டாள். அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரம் மட்டும் அவளுக்கு உடம்பு வலி தெரியவில்லை.

அப்புறம் ஆடிக் கிருத்திகை வந்தது. மயிலத்துக்குக் காவடி எடுத்தவன், பார்க்க வந்தவன், சும்மா வந்தவன் என்று கூட்ரோடு கொள்ளாத கூட்டம். அன்றைக்குக் கடையில் முட்டை கிடையாது, இட்லியும் பொங்கலும்தான். மறுநாள் விரதம் முடிந்தவர்கள் எல்லாம் பழி தீர்ப்பதுபோல் வந்து முட்டை கேட்டார்கள். இரண்டு நாளும் சவுரியம்மாள் உட்காரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பை நிறைய ஓட்டோடு வீட்டுக்கு வந்தவளுக்கு உரலைப் பார்த்ததும் அழுகை வந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்தாள். கையால் ரெண்டு நசுக்கு நசுக்கி, வெள்ளைக்கரு ஒட்டிக்கொண்டிருந்த ஓட்டை அப்படியே கூடைக்குள் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த முழங்காலோடு இரண்டு நாள் நின்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

இரண்டு நாள் கழித்து முட்டை காணாமல்போக ஆரம்பித்தது. வைக்கோல் ஈரமாக இருக்கும். முட்டையும் இருக்காது, ஓடும் இருக்காது. பாம்பு என்றால் கூடைக்குள் எப்படிப் போகும்? யோசித்துப் பார்த்தவளுக்குப் புருஷன்மேல்தான் சந்தேகம் போனது. அந்தோணிசாமி கல் குவாரியில் இடுப்பு ஒடிந்து ஒரு வருஷமாக வீட்டோடு கிடக்கிறவன். நாள் பூராவும் கூடைக்குப் பக்கத்திலேயே கயிற்றுக்கட்டிலில் இருப்பவன்.

"யோவ், புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு வெச்சத எடுத்துக் குடிக்கிறியே, உனுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். கோபப்படவில்லை. "நான் குடிச்சிருந்தா ஓட்ட உனுக்கு எடுத்து வெச்சிருப்பனே சவுரி" என்றான்.

அந்த வீட்டில் ஓட்டின் அருமை அவனுக்குத் தெரியாதா? மறுநாள் கடைக்குக் கிளம்புமுன் கூடைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். சிவப்பு முட்டையிட்டு எழுந்தது. கொக்கரிக்கக்கூட இல்லை. திரும்பி நின்று ஒரே கொத்து. சாம்பலும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் ஓடு உட்பட வழித்துத் தின்றுவிட்டு அலகை வைக்கோலில் துடைத்துக்கொண்டன.

ஓட்டுக்குள் மிளகாய்த்தூளை அடைத்து வைத்தால் பயந்து விட்டுவிடும் என்றார்கள். வைத்தாள். கோழிகள் அதையும் ஊறுகாய்போல ரசித்துத் தின்றன. பார்த்துக்கொண்டிருந்த பெரியநாயகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அம்மாவால் அவளோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பை அறுத்தார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாம்பலை. சிவப்பின் வயிற்றுக்குள் மறுநாள் இட வேண்டிய முட்டை இருந்தது. நல்ல கெட்டி ஓடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு சவுரியம்மாள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஓடு எப்படி வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கோழி போன பிறகும் அவள் ஓட்டுப் பையை நிறுத்தவில்லை. தினமும் டின்னைக் கவிழ்த்துக்கொண்டுதான் கிளம்பினாள். இப்போது ஓட்டுக்கு நடுவில் ஒரு முழு முட்டை இருந்தது. குப்பைப் பையை யார் துழாவிப் பார்க்கப் போகிறார்கள்? வீட்டில் இருப்பவர்களிடம், கடையில் கொடுத்தார்கள் என்று சொன்னாள். திருட்டு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவளும் அப்படித்தான் சொன்னாள், தினமும் ஜெபத்தில்.

கேட்டு வாங்கியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போன வருஷம் மகளுடைய முதல் பிள்ளையை அடக்கம் செய்த அன்று, இப்போதே வீட்டுக்குப் போகட்டுமா என்று வெங்கடாசலத்திடம் கேட்டவள் அவள். "கும்பலா இருக்குது, சாயங்காலம் போயேன்" என்றான். சாயங்காலம் போனபோது குழியை மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து அவனிடம் அவள் எதையும் கேட்டதில்லை.

ஆவணி பிறந்து, சக்கரபாணியின் கொல்லையில் மல்லாட்டை பூ விட்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வெங்கடாசலம் கல்லைத் துடைத்தபடியே கேட்டான்.

"இன்னா சவுரி, கோழி ரெண்டையும் அறுத்துட்டியாமே. அப்பால ஓடு எதுக்கு?"

சவுரியம்மாள் நின்றாள். பொய் யோசிக்கத் தெம்பில்லை. பையை மேசைமேல் வைத்து, கையை உள்ளே விட்டு, முட்டையை எடுத்து அவன் எதிரே வைத்தாள். மேலெல்லாம் ஓட்டுத் தூளும் பிசுக்குமாக இருந்தது.

"பொண்ணுக்கு, மொதலாளி" என்றாள்.

அவன் முட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இதுக்கு இன்னாத்துக்குத் திருட்டு வேலை? கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?" என்றான்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பதைப்போல சுலபமான தர்மம் உலகத்தில் வேறு கிடையாது. கைக்காசு செலவில்லை, பேர் மட்டும் மிச்சம். பெரும்பாலும் அதைக் கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். சவுரியம்மாளுக்குத் தலையைக் குனியக்கூட அலுப்பாக இருந்தது.

"செரி மொதலாளி. இப்ப கேக்கறேன். தினம் ஒண்ணு, புள்ள பொறக்கற வரைக்கும். குடுங்க."

வெங்கடாசலம் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தான். அவர்கள் இவனைப் பார்த்தார்கள். அட்டையிலிருந்து வேறு ஒரு முட்டையை எடுத்து, வேட்டியில் துடைத்து, அவள் கையில் கொடுத்தான். கார்த்திகை வரைக்கும் தினமும் கொடுத்தான், ஒரு நாளும் முகம் மலரவில்லை. கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதத்தில் பிறந்தது, தங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் நாளைப் பற்றி.

அன்று ஓட்டுப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். பாதி வழியில் மைல்கல்மேல் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எத்தனை நாள் இடிப்பு. இடுப்பொடிந்த மனுஷனைக் கேட்ட கேள்வி. இரண்டு கோழி. கேட்பது அவளுக்கு அதையெல்லாம்விடப் பாரமாக இருந்ததே, அது யார் குற்றம்? முட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுது முடித்துவிட்டு எழுந்து நடந்தாள்.

வீட்டில் பெரியநாயகி முட்டையை வாங்கினாள். வழக்கம்போலக் கழுவுவதற்குத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட்டுத் தூளே ஒட்டிக்கினு இல்லியேம்மா இன்னிக்கு" என்றாள்.

ஓட்டுக்குள் ஒளிந்து வந்த முட்டையில் தினமும் அவள் எதைக் கழுவினாள் என்பது சவுரியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிலில் அந்தோணிசாமி கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"இன்னிக்கு கையில எடுத்தாந்தேன்" என்றாள் சவுரியம்மாள்.