வரைபடத்தில் இல்லாத ஏணி

வில்லியனூரில் நான் வரைந்ததிலேயே உயரமான கட்டடத்தின் உச்சியில், பதினோரு படி வைத்த இரும்பு ஏணி ஒன்று இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டியின் தலைக்கு ஏறுகிற ஏணி. கழிவறைக் குழாய் முதல் கல்யாண மேடை வரை அந்தக் கட்டடத்தில் எல்லாவற்றையும் நான்தான் வரைந்தேன். அத்தனையிலும் ஏதாவது ஒரு கோளாறு உண்டு. நான் வரையாத அந்த ஏணி மட்டும்தான் இன்றுவரை எந்தப் புகாரும் இல்லாமல் நிற்கிறது. போன வாரம் தொட்டி கசிகிறது என்று கூப்பிட்டார்கள், ஏறினேன். ஆறாவது படியில் மூச்சு வாங்கியது. உடனே அக்காவைத் திட்டினேன். பழைய பழக்கம்.

அக்கா எனக்கு உறவில்லை. என் முதல் பெரிய வாடிக்கையாளர். என் தலையில் முடி இருந்த காலத்தில், ஒதியம்பட்டில் உட்கார்ந்து மாட்டுக் கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் பிளான் போட்டுக்கொண்டிருந்தேன். படித்தது டிப்ளமோதான். ஊர் என்னை இன்ஜினியர் என்றது. நானும் மறுத்துப் பேசி யார் மனதையும் நோகடிக்கவில்லை. அக்கா, அரியாங்குப்பத்துக்குத் தெற்கே கடற்கரையில் கூடை சுமந்து மீன் விற்கத் தொடங்கி, ஐஸ் பெட்டி, வேன், சொந்த லாரி என்று வளர்ந்தவர். அவருடைய வீட்டைக் கடல் ஒரேயடியாக எடுக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் மதில், அடுத்ததில் அடுப்படி, அதற்கடுத்ததில் அவர் படுக்கிற அறை. “வெரட்டி வெரட்டி வந்துச்சிடா” என்பார், ஏதோ தெருநாயைப் பற்றிச் சொல்வதுபோல.

அதனால்தான் வில்லியனூர் மெயின் ரோட்டில் மனை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “கீழ கடைங்க. அதுக்கு மேல டியூசன் சென்டரு. அதுக்கு மேல கல்யாண மண்டபம். மேல ரெண்டு மாடி எனக்கும் பொண்ணுங்களுக்கும் வூடு. மொட்ட மாடில நின்னா கடல் தெரியணும்” என்றார்.

“கடல் வேணாம்னுதானக்கா இங்க வர?”

“வேணாம்தான். அது எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாதானடா எனக்குத் தூக்கம் வரும்?”

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் கால்குலேட்டரை எடுத்தேன். பூமி உருண்டை என்பதைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்துத் தட்டினேன். “நாலு மாடி போதும்க்கா, பளிச்சுனு தெரியும்” என்றேன். வேலை கிடைத்தது. நிம்மதி போனது.

தரையோடு சேர்த்து ஐந்து தளம். பெருநகரத்துக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் அப்போது சுற்றுவட்டாரத்தில் கோயில் கோபுரத்தை விட்டால் வானத்துக்குப் பக்கமாகப் போனது எங்கள் கட்டடம்தான். நெட்டப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட “மீன்காரம்மா மாடிகிட்ட எறங்கிக்க” என்றுதான் வழி சொன்னார்கள். கடை, பள்ளிக்கூடம், மண்டபம், வீடு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்கு அப்போது தெரியாது. கீழே கடைகளுக்குப் பன்னிரண்டு அடிக்கு ஒரு தூண் வைத்தேன். அந்தத் தூண்கள் நேராக மேலே போய் மண்டபத்துக்குள் முளைத்து, மணமேடைக்கு எதிரில் காவலுக்கு நின்றன. விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளை தெரிந்தார், மீதிப் பேருக்குத் தூண் தெரிந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அக்கா அசரவில்லை. மண்டபம் கேட்டு வந்தவர்களிடம், “பேச்சுவார்த்த இல்லாத பங்காளிங்கள தூணுக்குப் பின்னால ஒக்கார வைப்பா. யாரு மூஞ்சியும் யாரும் பாக்க வேணாம்” என்றார். முகூர்த்த நாளெல்லாம் மண்டபம் நிறைந்தது. அந்த நாட்களில் கீழே டியூஷன் பிள்ளைகள் அல்ஜீப்ராவை மேளச் சத்தத்தோடு படித்தார்கள். அந்த வாத்தியார் இன்றைக்கும் என்னைக் கண்டால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

ஒரே ஒரு கடைக்கு மட்டும் அக்கா இடம் தரவில்லை. மீன் கடை. நீல வண்ணம் அடிக்கவும் விடவில்லை. “வாசம் புடிச்சிக்கினு வந்துரும்” என்றார். “யாருக்கா?” என்றேன். “அதுதான்” என்றார். கடல் என்று பெயர் சொல்லி அவர் பேசியது அந்த முதல் நாள் மட்டும்தான்.

நான்காவது மாடிக்குக் கூரைத் தளம் போட்டு, முட்டுப் பலகைகளைப் பிரித்த அன்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். நானும் பின்னால் போனேன். கிழக்கே பார்த்தோம். தென்னந்தலைகள். அவற்றுக்குப் பின்னால் பனைமரங்கள். அவற்றுக்கும் பின்னால் டவுன் கட்டடங்கள், தண்ணீர்த் தொட்டிகள். அக்கா கிழக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எங்கடா?”

“மப்பா இருக்குதுக்கா.”

மார்கழியில் பனி என்றேன். போகிக்குப் புகை என்றேன். சித்திரை வெயிலில் அந்தச் சாக்குகளும் ஆவியாகிவிட்டன.

எங்கள் பக்கத்தில் தூண் தலையில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியை யாரும் வெட்டமாட்டார்கள். பிள்ளைக்குக் கல்யாணமானால், பேரன் பிறந்தால், இன்னொரு மாடி எழுப்பலாம் என்று விட்டுவைப்பார்கள். இந்தக் கட்டடத்தில் மட்டும் வெட்டிவிடச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், கம்பிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன; பக்கத்தில் பலகை, செங்கல், ஜல்லி. மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “அக்கா சொல்லிச்சி சார். தெரியற வரைக்கும் ஏத்துன்னுச்சி. நான் இன்னா பண்றது?”

அஸ்திவாரத்துக்குக் கையெழுத்துப் போட்ட டவுன் இன்ஜினியரிடம் ஓடினேன். நான்கு மாடிக்கு மேல் ஒரு சுவர்கூடக் கூடாது, ஏற்றினால் தூண் தாங்காது என்று அவர் சொல்லிவிட்டார். கீழே டியூஷன் பிள்ளைகள், மண்டபம் கொள்ளாத கூட்டம், குடிவந்துவிட்ட அக்காவின் பெண்கள். திரும்பி வந்து நேராக அக்காவிடம் போய் நின்றேன்.

“அக்கா, அஞ்சாவது போட்டா அது இங்க வர வேணாம். நாமளே மொத்தமா மண்ணுக்குள்ள போயிடுவோம்.”

“நீதானடா தெரியும்னு சொன்ன?”

“நீ வேற ஆளப் பாத்துக்கப் போறேன்னு பயந்து சும்மா அடிச்சி வுட்டேன்க்கா. பூமி உருண்டைன்னு கணக்குல சேத்தேன். தென்ன மரத்த விட்டுட்டேன்.”

அக்கா மீனைத் தூக்கிச் செவுள் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “பொறந்ததுலேருந்து தென்ன மரத்துக்குக் கீழதானடா நிக்கற? அது ஒன் கண்ணுக்குத் தெரியலியா?” என்றார். அப்புறம் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். “அது மேல ஏத்து என்ன. அங்கயும் தெரியலன்னா கம்பிய வெட்டிக்க.”

மேஸ்திரி அந்த ஐந்தாம் மாடிக் கம்பிகளில் சிலவற்றை அறுத்து, துண்டு துண்டாக்கி, இரண்டு பழைய குழாய்களுக்கு நடுவே பற்றவைத்தார். பதினோரு படி. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். கீழே நான் ஏணியையும் எனக்குத் தெரிந்த சாமிகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தொட்டியின் தலைக்குப் போனதும் கத்தினேன்.

“அக்கா, தெரியுதா?”

“ஒண்ணியும் தெரியல.” ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மறுபடியும் குரல் வந்தது, இந்தத் தடவை நிதானமாக: “எனக்கு அது தெரியலன்னா, அதுக்கும் நான் தெரியமாட்டேன்லடா?”

“தெரியவே மாட்ட” என்றேன். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. மீதிக் கம்பிகளையும் அன்றைக்கே வெட்டினோம்.

அதோடு விட்டார் என்றா நினைக்கிறீர்கள்? தினமும் காலை ஆறு மணிக்கு ஏணி ஏறுவார். இறங்கியதும் எனக்கு போன். “இன்னிக்கும் தெரியல.” அவ்வளவுதான், வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், என் மாமனார் இறந்த மறுநாள், எதுவும் விலக்கில்லை. புயல் ஓய்ந்த ஒரு காலையில் மட்டும், “நீயும் ஒருக்கா வந்து பாத்துரு, எனக்குக் கண்ணு சரியில்ல” என்றார். முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு, வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போய் ஏறிப் பார்த்தேன். தெரியவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் காப்பி குடித்தார். ஆறு மணிக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறார் என்று நான் வையாத நாளில்லை. போன ஐப்பசியில் அக்கா போய்விட்டார். இப்போதும் ஆறு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். போன்தான் வருவதில்லை.

போன வாரம் பதினோராவது படியையும் ஏறி, தொட்டியின் தலையில் நின்றேன். தென்னைகள் பாதி போய்விட்டன. அந்த இடத்தில் அக்கா மாடியைவிட உயரமான மாடிகள் இரண்டு. போதாததற்கு ஒரு செல்போன் டவர். கசிவைப் பார்க்க வந்தவன், கண்ணுக்கு மேல் கை வைத்துக் கிழக்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. யாரிடம் சொல்வது?

கீழேயிருந்து அக்காவின் பெரிய மகள் கத்தினாள். “இன்னா மாமா, கடல் தெரியுதா?”

“தெரியலம்மா!”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேம்மா. ஒண்ணியும் தெரியல.”

“அப்ப சரி, எறங்கி வந்து லீக்கப் பாரு.”