சகலையின் இடுப்பு

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். வயிறு அப்படி எரிகிறது.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். எங்கள் இருவருக்கும் ஒரே கோல்ஃப் மைதானத்தில்தான் வேலை. ஆட வருகிறவர்களின் மட்டைப் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டு வருஷமாக அவர்கள் பின்னால் நடக்கிறேன் நான். அவன் புல் வெட்டும் மெஷினைத் தள்ளுகிறவன், வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. ஆளும் ஒல்லி. ஆனால் வேலை முடிந்து அவன் ஒரு பந்தை அடித்தால் அது போன இடம் தெரியாது. நான் அடித்தால் கூப்பிடு தூரத்தில் விழுந்து கிடக்கும்.

உதவிப் பயிற்சியாளர் இடம் காலியானது. ஊழியர்களில் யார் நன்றாக அடிக்கிறாரோ அவருக்கே என்றார் மேனேஜர். பை தூக்குவதிலிருந்து நான் தப்பிக்க அது ஒன்றுதான் வழி. ஜிம்முக்குப் போய் எடை தூக்கினேன். கை உருண்டது, பந்து மட்டும் அதே இடத்தில் விழுந்தது.

"என் தங்கச்சி புருஷன் தெனமும் ஒடம்ப வளைச்சுப் பழகுறாராம். போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"அவன்கிட்டயா? நானா? வேற வேலையில்ல!"

கேட்கவில்லை. மெஷின் ஷெட் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். துடைப்பக் கம்பைத் தோளுக்குப் பின்னால் வைத்து, காலை அசைக்காமல், முதுகு முழுக்கத் தெரியும்படி திரும்பினான். பிறகு ஒற்றைக் காலில் நின்று இருபது எண்ணினான். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டான்.

"உள்ள வாங்கண்ணே, சேந்தே பண்ணலாம்."

"மெஷின்ல ஆயில் இருக்கான்னு பாக்க வந்தேன்."

சிரித்தான் படுபாவி. "ரெண்டு பக்கமும் சமமா பண்ணணும்ணே. இல்லேன்னா இடுப்பு புடிச்சுக்கும்."

என் நேரத்தைப் பாதியாக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மட்டையை ஓங்க வலப்பக்கம்தானே திரும்புகிறோம்? படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு ஒரு மாதம் வலப்பக்கம் மட்டும் திரும்பினேன், அவன் செய்வதைப் போல் இரண்டு மடங்கு.

போட்டியன்று மட்டையை ஓங்கினேன். அடடா, என்ன திருப்பம்! மேனேஜரே நிமிர்ந்து பார்த்தார். அடிக்க இடப்பக்கம் திரும்பியபோது இடுப்பில் சடக்கென்றது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. நான் குனிந்தபடியே நின்றேன். முதலில் ஓடி வந்து தாங்கியவன் அவன்தான். என்னைப் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டுப் போய்ப் பத்துப் பந்து அடித்தான். பத்தையும் படுத்தபடி பார்த்தேன்.

வேலை அவனுக்குப் போனது. மனைவி என்னை அவனிடம் தள்ளிக்கொண்டு போனாள். "இடது பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம்ணே, மெதுவா" என்றான். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். காட்டவில்லை. மூன்று வாரத்தில் வலியும் போய்விட்டது, அந்தக் கோபம் வேறு எனக்கு.

இப்போது பையை இரண்டு தோளிலும் மாற்றி மாற்றித் தூக்குகிறேன். அவனிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பை.