இப்பவா, எப்பவுமா

எங்க லேத் பட்டறையில கடைசல் பிடிக்கிறவனுக்கு நாங்க வச்ச பேரு 'கிராமர்'. அவன் சம்சாரம் நர்ஸ். ஜெர்மன் பேசுற நாட்டுல வேலை கிடைச்சு, சின்ன மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. இவன் போகணும்னா ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணியாகணும். ஒரு தடவை எழுதி மண்ணைக் கவ்வியாச்சு. அதுலேர்ந்து டீ குடிக்கிறப்பகூட இலக்கணம்தான், வெல்டர் நான் ஒருத்தன் பக்கத்துல மாட்டினேன், என் உயிரை வாங்குவான்.

"அண்ணே, அந்தப் பாஷையில 'சாப்பிடுறேன்' மட்டும்தான் இருக்கு. 'சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்'னு தனியா கிடையாது."

"அப்போ 'லேத் ஓடுது'ன்னா? ரிப்பேர் இல்லாம ஓடுற லேத்துன்னா, இல்ல இப்ப ஓடிக்கிட்டு இருக்கு, கையை வைக்காதேன்னா?"

"ரெண்டும்தான்."

"அடக் கொடுமையே! அவங்களுக்கெல்லாம் விரல் மிச்சம் இருக்காடா?"

சிரிச்சான். இந்த நிமிஷம்னு அழுத்திச் சொல்லணும்னா 'கெராடெ'ன்னு ஒரு வார்த்தையைச் சேர்ப்பாங்களாம். பெரிய கண்டுபிடிப்புதான் போன்னு நான் எழுந்து போயிட்டேன்.

சம்சாரம் போன்ல எப்பவும் ஒரே பாட்டுதான். "நாங்க நல்லா இருக்கோம், நீங்க படிங்க." இவனும் அதை நம்பிக்கிட்டிருந்தான். ஒருநாள் மதியம் கூப்பிட்டப்போ மக எடுத்தா. இவன் கையெல்லாம் ஆயிலு, அதனால ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்.

"அம்மா எங்கடா கண்ணு?"

"ரூம்ல. அம்மா அழுறா."

அவன் முகம் செத்துப்போச்சு. "இப்ப அழுதுக்கிட்டு இருக்காளா? இல்ல அடிக்கடி அழுவாளா?"

"அழுறா."

குழந்தைக்கு அந்த வித்தியாசமே பிடிபடல. அங்க பள்ளிக்கூடம் போனதுல தமிழும் அந்தப் பாஷை மாதிரியே ஆகிப்போயிருந்துச்சு. இன்னொரு தடவை கேட்டான், அதே பதில்தான் வந்துச்சு. எனக்கே கோபம் வந்துச்சு, யார் மேலன்னுதான் தெரியல. அப்புறம் அவன் மெதுவா, பரீட்சை ஹால்ல உட்கார்ந்தவன் மாதிரி யோசிச்சுக் கேட்டான்.

"அம்மா கெராடெ அழுறாளா?"

"இல்லப்பா," டக்குன்னு சொன்னா. "கெராடெ தூங்குறா. அம்மா அழுறா."

இதுக்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். டிக்கெட் எடுத்து ஓடிப் போற தூரமா அது? பரீட்சையும் பாஸ் ஆகல. என்ன கிழிக்க முடியும் இங்க உட்கார்ந்து?

"எழுப்பவாப்பா?"

"வேணாம்டா கண்ணு,"ன்னான். "தூங்கட்டும்."